வடைக்கும் எரிந்த விளக்கு

“உங்கக்காளைக் கட்டின பாவத்துக்கு இன்னும் எத்தனை வருஷம்டா நான் உன் பேச்சைக் கேக்கணும்?”

“என் பேச்ச கேட்டிருந்தா நீ ஏன் மாமா இப்படி நிக்கப் போறே? செம்பாக்கத்துல ஏரித் தண்ணி பாயற நெலத்த வித்து இன்னா பண்ணிக்கீறே? கண்ணாடிக்குள்ள ரெண்டு தகடு. காந்தம் காட்டினா ஒண்ணுக்கொண்ணு முத்தம் குடுக்குது. இதுக்கு ஒரு கம்பெனி!”

“மெதுவாப் பேசுடா. வெளியில பொம்பளை வேலை செய்யுது.”

“செய்யட்டும். இன்னிக்கு பதினோரு மணிக்கு அந்த லிஃப்ட் இன்ஜினீயர் வர்றாரு. வெளக்கு எரிஞ்சுதா, நான் வாயத் தொறக்க மாட்டேன். எரியலையா, சாயங்காலமே இந்த ஷெட்டுல அப்பளக் கட்டைய எறக்கிடுவேன். அக்கா கைல சொல்லிட்டேன்.”

“உங்கக்கா என்ன சொன்னா?”

“உளுந்து எங்க வாங்கறதுன்னு கேட்டுச்சு.”

முதல் குரல் இறங்கி வந்தது. “சரிடா. எரியலைன்னா எட்மண்ட் கிட்ட நானே சொல்லிடறேன். பாவம், கவர்மெண்ட் வேலையை விட்டுட்டு வந்தவன்.”

ப்ளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம், அந்த எட்மண்ட் சால்டரிங் அயர்னைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உருகின ஈயம் மேஜை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

சண்டை போட்டவர்கள் முதலாளி பக்தவச்சலமும் அவர் மைத்துனன் முடிச்சூர் சிட்டிபாபுவும். இடம், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். வெயில் ஏற ஏற உள்ளே இருப்பவர்களும் ஈயத்தோடு சேர்ந்து உருக வேண்டியதுதான்.

எட்மண்டுக்கு ரேடியோ கிறுக்கு. போன வருஷம் வரைக்கும் பென்ஷன் உள்ள சர்க்கார் வேலையில் இருந்தான். “டெக்னிக்கல் சூப்பர்வைசர்னு உன் பேரை போர்டுல எழுதறேன் எட்மண்டு” என்று பக்தவச்சலம் ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி கிருபா ஸ்கூல் டீச்சர். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது இதுதான்: “போனது போகட்டும். சபையில மட்டும் என்னைத் தலைகுனிய வெச்சிடாதீங்க.”

சபைக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நேற்றைய வீட்டு ஜெபக் கூட்டத்தில் மெட்டில்டா அக்கா கையை உயர்த்தி, சேலையூர் முழுக்கக் கேட்கும்படி, “கர்த்தாவே, தம்பி எட்மண்டோட விளக்கை எரியப் பண்ணும்!” என்று கண்ணீரோடு மன்றாடினாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எட்மண்டும் சொன்னான்.

எரிய வேண்டிய விஷயம் ரொம்பச் சின்னது. கைவிரல் கணு அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே மெல்லிசாக இரண்டு இரும்புத் தகடு, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். பக்கத்தில் காந்தம் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் பாயும், விளக்கு எரியும். காந்தம் விலகினால் தகடும் விலகும், விளக்கு அணையும். யாரும் எதையும் தொட வேண்டாம். லிஃப்ட்டில் மாடிக்கு ஒன்றாக இதை வைத்துவிட்டு, அந்தந்த மாடிச் சுவரில் அதற்கு நேராக ஒரு காந்தத்தைப் பதித்துவிட்டால், லிஃப்ட்டுக்குத் தன் மாடி தானே தெரியும். வந்து நிற்கும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை.

நாலு மாடிக்கு நாலு குழாய் வைத்து எட்மண்ட் ஒரு போர்டு செய்திருந்தான். நேற்று மாலை வரை, ஒரு டார்ச் பல்பை மாட்டிக் காட்டினால், நாலும் தங்கம் தங்கமாக வேலை செய்தன.

தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு பக்தவச்சலம் வெளியே வந்தார். அவர் கையில் ஒரு பல்பு இருந்தது. சின்ன பல்பு இல்லை.

“எட்மண்டு, இதைப் போடு.”

“சார், இது கார் ஹெட்லைட்டு!”

“என் கார்ல இருந்துதான் கழட்டினேன். பேட்டரியும் கொண்டாந்திருக்கேன். உன் மின்மினிப் பூச்சியைக் காட்டியா ஆர்டர் வாங்கறது? வர்றவரு கண்ணு கூசணும்யா!”

“அந்தத் தகடு இவ்வளவு கரண்ட் தாங்காது சார்.”

“ஒரு தரம், ரெண்டு தரம்தானே?”

இங்கே எட்மண்ட் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காதில் இன்னும் அப்பளக் கட்டை உருண்டுகொண்டிருந்தது. மாட்டினான். காந்தத்தைக் காட்டினான்.

ஷெட்டே வெளுத்துவிட்டது. பக்கத்து மேஜையில் சால்டரிங் செய்துகொண்டிருந்த ரத்தினபாய், “அல்லேலூயா!” என்று எழுந்தே நின்றுவிட்டாள். பக்தவச்சலத்துக்கு முகமெல்லாம் பல்.

எட்மண்ட் காந்தத்தை எடுத்தான். விளக்கு அணையவில்லை.

காந்தத்தைச் சட்டைப்பைக்குள் போட்டான். அணையவில்லை. வாசல் வரைக்கும் போய் நின்றான். அது பாட்டுக்கு எரிந்தது. தகடு இரண்டும் சூட்டில் பற்றிக்கொண்டு ஒன்றாகவே ஆகிவிட்டன. மெட்டில்டா அக்கா எரியத்தான் ஜெபித்தாள், அணைய யாரும் ஜெபிக்கவில்லையே என்று எட்மண்டுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

“தட்டுப்பா, வுட்டுடும்” என்றான் சிட்டிபாபு, வேடிக்கை பார்க்க வந்தவன்.

எட்மண்ட் பென்சிலால் ஒரு தட்டு தட்டினான். அணைந்தது. மறுபடி காந்தம், மறுபடி ஒட்டல்.

“இன்னாய்யா பொண்ணு கன்னத்துல தட்டற மாதிரி தட்டறே? இப்படி குடு.” சிட்டிபாபு ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரே போடு போட்டான். கண்ணாடி தூள்.

“டேய்!”

“அணைஞ்சுட்டுதா இல்லியா?”

பல்பை மாற்ற வேண்டும் என்று எட்மண்ட் முடிவு செய்தான். ஆனால் கையெல்லாம் கண்ணாடித் தூள். அந்தக் கையோடு மற்ற மூன்று குழாயைத் தொடக் கூடாது என்று பின்பக்கம் குழாயடிக்குப் போய்க் கழுவினான். இரண்டு வார்த்தை ஜெபித்தான். இந்தத் தடவை எரியவும் அணையவும் சேர்த்தே கேட்டுக்கொண்டான்.

திரும்பி வந்தபோது பக்தவச்சலம் மேஜைப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் பலகையை உடைத்த பையன் முகம்.

“எட்மண்டு… மத்ததெல்லாம் எப்படி இருக்குன்னு ஒரு தடவ பார்த்தேன்.”

“எந்த பல்புல சார்?”

பக்தவச்சலம் போர்டுக்கு முன்னால் நகர்ந்து அதை மறைத்துக்கொண்டார்.

“ஹெட்லைட்லயா?”

“மூணும் நல்லாத்தான்யா எரிஞ்சுது.”

“அணைஞ்சுதா?”

“அத்த மட்டும் கேக்காதே” என்றான் சிட்டிபாபு.

மூன்றையும் தட்டிப் பார்த்தார்கள். ஒன்று விடவில்லை, இரண்டு விட்டுவிட்டு மறுபடி ஒட்டவே மாட்டேன் என்றன. கையிருப்பில் வேறு குழாய் கிடையாது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஒன்றிரண்டு கிடைக்கும் என்று எட்மண்டுக்குத் தெரியும். ஆனால் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்துப் போய், தேடி வாங்கித் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். யார் போவது? எட்மண்ட் போக முடியாது. முதலாளி போனால் என்ன வாங்கி வருவாரோ.

“சிட்டி, நீ போயிட்டு வாடா.”

“நானா? அது எரிஞ்சா எனக்கு அப்பளம் போச்சு. நானே போயி வாங்கிகினு வரணுமா?”

“உங்கக்கா மேல சத்தியமா போடா!”

பெரிய பேஜாராய்ப் போச்சு என்று முனகிக்கொண்டே, எட்மண்ட் எழுதித் தந்த பெயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் ஸ்டேஷனுக்கு நடந்தான். அவன் திரும்பி வருவான் என்று அந்த ஷெட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

மணி பத்தரை. எட்மண்ட் ரத்தினபாய் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“ரத்தினம், ஒரு உதவி.”

“சொல்லுங்கண்ணா.”

“உன் மேஜைக்கு அடியில ஒரு காலிங் பெல் பட்டன் வைக்கிறேன். ஒயரை நியூஸ் பேப்பருக்குக் கீழே கொண்டுபோய் அந்த விளக்குல சேர்த்துடறேன். நான் காந்தத்தைக் கிட்ட கொண்டு போனா நீ அமுக்கு. எடுத்தா விட்டுடு.”

ரத்தினபாய் கண்ணை அகல விரித்தாள். “அண்ணா, இது பொய் இல்லியா?”

“நீ வாயால ஒண்ணும் சொல்லப் போறதில்லையே. அமுக்கத்தானே போறே?”

“பேதுரு கூட சேவல் கூவறதுக்கு முன்னாடி இப்படித்தான், இயேசுவைத் தெரியவே தெரியாதுன்னு…”

“ரத்தினம்! சாயங்காலம் இங்க அப்பளம் போடப் போறாங்க. உனக்கு அப்பளம் போடத் தெரியுமா?”

“தெரியாதுண்ணா.”

“எனக்கும் தெரியாது.”

அவள் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். “எந்த விரலாலண்ணா அமுக்கணும்?”

“எந்த விரலா இருந்தா என்ன? நடுவுல யாராவது மறைச்சா நான் இருமறேன். இருமினா அமுக்கு.”

பதினோரு மணிக்கு வாசலில் கார் நின்றது. இறங்கியவர் ஏகநாதன், மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர். ஆள் தாராளமான உடம்பு. முகத்தில் மட்டும் ஏதோ பரீட்சைக்கு வந்த மாதிரி ஒரு கலக்கம். அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்தார். பெயர் சுப்பராயலு என்று ஏகநாதன் கூப்பிட்டதில் தெரிந்தது.

“வாங்க சார், வாங்க!” என்றார் பக்தவச்சலம். “எட்மண்டு, காட்டு.”

எட்மண்ட் காந்தத்தைப் போர்டுக்கு அருகே கொண்டுபோனான். விளக்கு பளீரென்று எரிந்தது. ஸ்தோத்திரம். காந்தத்தை எடுத்தான்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ரத்தினபாயைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், நான் இல்லை என்று. நாலெண்ணி முடிப்பதற்குள் அணைந்தது.

“கொஞ்சம் மெதுவா விடுது” என்றார் ஏகநாதன்.

“குளிர்ச்சியான கருவி சார், அவசரப்படாது” என்று பக்தவச்சலத்தின் குரல் கேட்டது. எங்கிருந்து? அவர் பக்கத்தில் இல்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தது.

அப்போதுதான் எட்மண்ட் கவனித்தான். அவன் போட்ட ஒயருக்குப் பக்கத்தில் இன்னொரு ஒயர் ஓடியது. அது மேஜைக் கால் வழியாக இறங்கித் தடுப்புக்குக் கீழே நுழைந்து முதலாளி அறைக்குள் போனது. முதலாளியும் தன் பங்குக்கு ஒரு பட்டன் வைத்துக்கொண்டார். அவருக்கு ரத்தினபாய் விஷயம் தெரியாது. ரத்தினபாய்க்கு அவர் விஷயம் தெரியாது.

“சார்!” எட்மண்ட் தடுப்புக்குப் போய் எட்டிப் பார்த்தான். பக்தவச்சலம் ப்ளைவுட்டில் ஒரு ஓட்டையில் கண்ணை வைத்தபடி நின்றார்.

“போன்ல பேசிட்டு வரேன், நீ நடத்து” என்றார் சத்தமாக.

போன் கனெக்‌ஷனுக்கு அவர் எழுதிப் போட்டு நாலு வருஷம் ஆகிறது. இன்னும் வரவில்லை.

“காந்தத்தை இப்படி குடுங்க” என்று ஏகநாதன் தானே வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ரத்தினபாய்க்கும் போர்டுக்கும் நடுவில் சரியாகப் போய் நின்றார். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லை. எட்மண்ட் இருமினான். விளக்கு எரிந்தது.

“அட! இன்னும் கிட்டக் கொண்டு போகவே இல்லையே?”

காந்தம் போர்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

“ரொம்ப… ரொம்ப கூர்மையான குழாய் சார்.”

ஏகநாதன் இரண்டு அடி பின்னால் போனார். எட்மண்ட் இருமலை அடக்கிக்கொண்டான். விளக்கு அணைந்தது. நல்லது என்று மூச்சு விட்டான். அந்த ஷெட்டில் ஈயப் புகை எப்போதும் உண்டு. அது ஏகநாதன் தொண்டையில் ஏறிவிட்டது. அவர் இருமினார். விளக்கு எரிந்தது. மறுபடி இருமினார். மறுபடி எரிந்தது. தொடர்ந்து நாலைந்து தடவை இருமினார். ஷெட்டில் தீபாவளி நடந்தது.

“தண்ணி குடுங்க சாருக்கு!” என்று எட்மண்ட் கத்தினான்.

“வேணாம், வேணாம்.” ஏகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கையே பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் போர்டின் மேல் காட்டினார்.

ஓட்டையில் கண் வைத்திருந்த பக்தவச்சலத்துக்குத் தெரிந்தது ஒரு கையும், கையில் கறுப்பாக எதுவோ ஒன்றும்தான். அமுக்கினார். எரிந்தது.

“பிளாஸ்டிக் பேனா” என்றார் ஏகநாதன்.

“நிப்பு சார், நிப்பு இரும்பு” என்றான் எட்மண்ட். அவன் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை.

வாங்கி வைத்திருந்த காபியும் மெதுவடையும் மேஜைக்கு வந்தன. ஏகநாதன் ஒரு வடையை எடுத்தார். தின்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதை மெல்ல, மிக மெல்லப் போர்டுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

எட்மண்ட் தலையை ஆட்டினான். கண்ணால் கெஞ்சினான். ரத்தினபாய் அதைத் தனக்கான சைகை என்று எடுத்துக்கொண்டாள். தடுப்புக்குப் பின்னாலும் ஒரு கட்டைவிரல் இறங்கியது.

வடைக்கும் விளக்கு எரிந்தது.

ஏகநாதன் வடையை விலக்கினார், அணைந்தது. காட்டினார், எரிந்தது. அவர் முகத்தில் காலையிலிருந்த கலக்கம் கரைந்து, கல்யாணத்துக்குச் சம்மதம் கிடைத்தவன் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. வடையை இரண்டாகப் பிட்டு, பாதியைச் சுப்பராயலுவிடம் கொடுத்துவிட்டு, நேரே ரத்தினபாய் மேஜைக்குப் போனார்.

“பேர் என்னம்மா?”

“ரத்தினபாய் சார்.”

“வீடு எங்கே?”

“இங்கதான் சார், கடப்பேரி.”

“மத்தியானம் சாப்பிட்டா தூக்கம் வருமா உனக்கு?”

“ஐயோ, இல்ல சார்!”

“நல்லது.” அவர் திரும்பினார். “மிஸ்டர் பக்தவச்சலம்! ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. நான் இப்போ பார்த்தேனே, அதே மாதிரி வேணும். துளிகூட மாறக் கூடாது. தாம்பரத்துல சாப்பிட்டுட்டு வந்து கையெழுத்துப் போடறேன்.”

கார் போனதும் பக்தவச்சலம் எட்மண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “பார்த்தியா! நான் மட்டும் உள்ள இருந்து அமுக்கலைன்னா?”

“சார், ரத்தினமும்தான் அமுக்கிச்சு.”

“அவளுமா? அப்ப டபுளா! அதான் வடைக்குக்கூட எரிஞ்சுது!”

எட்மண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. “சார், அவர் அதே மாதிரி வேணுங்கறாரு. நிஜக் குழாய் அரை அங்குலத்துலதான் வேலை செய்யும். முழத்துல இருந்து எரியற குழாய் உலகத்துலயே கிடையாது. இதை நம்பி மாட்டினா, லிஃப்ட்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும். உள்ள ஆளுங்க இருப்பாங்க சார். புள்ளைங்க இருக்கும்.”

“அதை அப்புறம் பார்த்துக்கலாம்யா.”

“அப்புறம்னா, யாராவது மாட்டிக்கிட்ட அப்புறமா?”

பக்தவச்சலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்மண்ட் டிபன் பாக்ஸைத் திறந்தான். கிருபா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம். ஒரு வாய் வைத்தான், இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டான். ஆர்டர் வந்தாலும் தலைகுனிவு, வராவிட்டாலும் தலைகுனிவு. இதில் எந்தத் தலைகுனிவைச் சபை சீக்கிரம் மறக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

வெயிலில் கறுத்துப்போய் சிட்டிபாபு உள்ளே நுழைந்தான்.

“இந்தா. ரிச்சி தெருவே அலைஞ்சிட்டேன். ஒண்ணுதான் கெடச்சுது. கர்சீப்புல சுத்தி, மடியிலயே வெச்சுகினு வந்தேன். டிரெயின்ல ஒருத்தன் இடிச்சான், அவன் கூட சண்ட வேற.”

எட்மண்ட் அந்தக் கர்சீப்பைப் பிரித்தான். உள்ளே கண்ணாடிக் குழாய், கீறலில்லாமல். அவன் சிட்டிபாபுவை நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னா பாக்கறே? நான் அப்பளக்காரன்தான். துரோகி இல்ல.”

எட்மண்ட் குழாயைப் பொருத்தினான். ஹெட்லைட் பல்பைக் கழற்றி முதலாளி மேஜை மேல் வைத்தான். டார்ச் பல்பைப் போட்டான். இரண்டு பட்டன் ஒயரையும் கட்டரால் கத்தரித்தான். பக்தவச்சலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். காந்தம் வந்தது, எரிந்தது. போனது, அணைந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் பிசகவில்லை. ரத்தினபாய் தன் கையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏனோ அழுகை வந்தது.

ஏகநாதன் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார், கையில் பேனாவோடு.

“சார்,” என்றான் எட்மண்ட். “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். காலையில நீங்க பார்த்தது பொய். குழாய் செத்துப் போச்சு. ரத்தினம் பட்டனை அமுக்கிச்சு. நான்தான் அமுக்கச் சொன்னேன்.”

“நானும் அமுக்கினேன்” என்று பக்தவச்சலம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“இதுதான் சார் நிஜம். பாருங்க. அரை அங்குலம்தான். ஆனா ஏமாத்தாது.” எட்மண்ட் காட்டினான். சின்ன பல்பு எரிந்தது, அணைந்தது. மிச்சமிருந்த ஒரு வடையை எடுத்துக் காட்டினான். விளக்கு கண்டுகொள்ளவே இல்லை.

ஏகநாதன் முகம் சுருங்கிவிட்டது. பேனாவை மூடிப் பையில் செருகினார்.

“இது வேண்டாம்.”

“சார்?”

“காலையில பார்த்ததுதான் வேணும்.”

“அது ஏமாத்து சார்!”

“நான் இருமினப்பவே தெரியும்யா எனக்கு.” அவர் குரலில் கோபம் இல்லை, ஆயாசம்தான் இருந்தது. “நிஜ போர்டு எங்க குடோன்ல அடுக்கி வெச்சிருக்கேன். இன்னொண்ணை வாங்கி நான் எங்கே வைக்க? வரேன்.”

அவர் போய்க் காரில் ஏறிக்கொண்டார். தெரிந்தே ஏமாந்தவர், உண்மையைச் சொன்னதும் கோபித்துக்கொண்டு போகிறார். எட்மண்டுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கிருபாவிடம் இதை எப்படிச் சொல்வது? மெட்டில்டா அக்கா விளக்கு எரிந்ததா என்று கேட்பாளே, வடைக்கெல்லாம் எரிந்தது, அதனால்தான் போச்சு என்றா சொல்வது?

“மாமா,” என்றான் சிட்டிபாபு மெதுவாக, யாரும் அடிக்காத தூரத்தில் நின்றுகொண்டு. “அப்பளக் கட்டை…”

“எறக்குடா.”

எட்மண்ட் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினான்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. காக்கிச் சட்டை சுப்பராயலு திரும்பி வந்து நின்றார். பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

“தப்பா நெனச்சுக்காத சார். எங்க சாரு காருலதான் கீறாரு. இந்தம்மா மவுண்ட் ரோட்டுக்கு வேலைக்கு வருமான்னு ஒரு வார்த்த கேட்டுகினு வரச் சொன்னாரு. வந்தா உங்க போர்டு ஆர்டரும் சேத்து உண்டாம்.”

“ரத்தினமா? லிஃப்ட்டுக்கு இவ எதுக்கு?” என்றான் எட்மண்ட்.

பெரியவர் தன் வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அது தட்டையாக, காய்ச்சுப் போய், பழைய சாவி மாதிரி இருந்தது.

“குடோன்ல கீற அந்த போர்டுங்க எல்லாம் மாட்டின மறுநாளே மண்டையப் போட்டுடுச்சு சார். ஆறு வருசமா மறைவா குந்திகினு பட்டன் அமுக்கறேன், எங்க லிஃப்ட்டுல காந்தம் நான்தான். வர்ற மாசம் ரிட்டயர் ஆவறேன்.”

கார் இன்னும் வாசலில் உறுமிக்கொண்டுதான் நிற்கிறது. ரத்தினபாய் எட்மண்டைப் பார்க்கிறாள், எட்மண்ட் முதலாளியைப் பார்க்கிறான், முதலாளி அப்பளக் கட்டையை இறக்கப் போகிற சிட்டிபாபுவைப் பார்க்கிறார். நீங்கள் எட்மண்டாக இருந்தால் அந்தப் பெரியவரிடம் என்ன பதில் சொல்லி அனுப்புவீர்கள்? தயவுசெய்து ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.